ரெண்டாவது மேகசின்

செல்வி: ஐயோ, அந்தப் பீங்கான்லயா மண்ணெண்ணெய ஊத்துதீய? நாளைக்கு அதுலதான் குழம்பு விடணும்.

கிளாட்வின்: வேற ஒண்ணும் கையில அம்புடல. கழுவித் தாரேன்.

செல்வி: நீங்க கழுவி… மூணு நாளைக்கு மீன்குழம்பு மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். இந்தாங்க, இந்த டப்பா மூடியில ஊத்துங்க. கீழ பேப்பர விரிங்க.

கிளாட்வின்: ஏளா, நீ போயி மெஷினுல உக்காரு. டீச்சரம்மா ஜாக்கெட்டு இன்னும் தைக்கலன்னு காலையில வாசல்ல வந்து நின்னாவல்லா.

செல்வி: டீச்சரம்மா நிப்பாவ. நீங்க ஸ்பிரிங்கத் தெறிக்க விட்டுட்டு அலமாரிக்கு அடியில தேடிட்டுக் கிடப்பீய. குண்டு ஏதும் கொண்டு வரலையே? பேபி பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா.

கிளாட்வின்: குண்டும் பிஸ்டலும் ஆபீஸ் பீரோவுல பூட்டிக் கிடக்கு. இது குண்டு அடைக்குத வெறும் மேகசின் கூடு ரெண்டும்தான். பேபி வேணும்னா எடுத்து வெளையாடட்டும்.

செல்வி: நல்ல அப்பன். குடுங்க, நான் கழத்துதேன்.

கிளாட்வின்: வேண்டாம்.

செல்வி: எப்பவும் நான்தான கழத்துவேன்?

கிளாட்வின்: அதான் வேண்டாங்கேன். இனிமே நானே தொடச்சு நானே கையெழுத்துப் போடணும்னு சூப்பிரண்டு சொல்லிட்டாரு. கஸ்டம்ஸ்காரன் பிஸ்டல் கடல்ல வச்சு டிக்குன்னு நின்னா, கோளாறு பிஸ்டல்ல இல்ல, ஆளுலன்னு… எல்லாரும் இருக்கும்போது சொன்னாரு.

செல்வி: அருமைநாயகம் ஸாரா? அவரு மெதுவாத்தான பேசுவாரு.

கிளாட்வின்: மெதுவாத்தான் சொன்னாரு. அதான் வலிக்கி.

செல்வி: …எம்பேரச் சொன்னீயளா?

கிளாட்வின்: ஒம்பேர ஏன் சொல்லுதேன்?

செல்வி: வாராவாரம் தொடைக்கது நான்தான?

கிளாட்வின்: பொண்டாட்டி தையல் மெஷின் எண்ணெய் போட்டுத் தொடைக்கான்னு சொல்லச் சொல்லுதியா? ஆபீஸே சிரிக்கும். நான்தான் தொடச்சேன், எங்கைப் பிசகுன்னு சொல்லிட்டேன்.

செல்வி: அப்படியா சொன்னீய…

கிளாட்வின்: மூஞ்சியத் தொங்கப் போடாத. ஒன்னைய ஒண்ணும் சொல்லல. இது உப்புக் காத்து. ஜன்னல் கம்பியவே தின்னுருது, இந்தத் தகரம் எம்மாத்திரம்? நான்தான் போறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்திருக்கணும். இந்தா, அடித்தட்டு வந்துட்டு… பாரு, தெறிக்கல.

செல்வி: தெறிக்கல. கட்டவெரலத்தான் கிழிச்சுக்கிட்டீய.

கிளாட்வின்: இது கிழிசலா? விடு. அந்த ஈர்க்குச்சியையும் பனியன் துணியையும் எடு.

செல்வி: இந்தாங்க. அடிபட்ட தோளு எப்படி இருக்கு? கை மேல தூக்க முடியுதா?

கிளாட்வின்: சட்டை போட முடியுது. அது போதும்.

செல்வி: காட்டுங்க… இன்னும் நீலமாத்தான் இருக்கு. ராத்திரி நொச்சி எல வாட்டி வைக்கணும்.

கிளாட்வின்: ராத்திரி நான் எங்க இங்கன இருக்கேன்? லாஞ்சு டூட்டி.

செல்வி: இன்னைக்கா? ஒரு வாரம் கரையில ஆபீஸ் வேலதான்னு சொன்னீய?

கிளாட்வின்: சொன்னாவ. இப்போ மாத்திட்டாவ. எமர்ஜென்சியில்லா, மேலருந்து தெனமும் போனு. புன்னக்காயல் பக்கம் கடத்தல் சரக்கு எறங்கப் போவுதாம்… ஏளா, இத வந்து பாரேன்.

செல்வி: என்ன?

கிளாட்வின்: குச்சி உள்ள போவுது, துணி வழுக்கிட்டுத் திரும்பி வருது. சுவத்துல என்னமோ ஒட்டிட்டுக் கிடக்கு. பாத்தியா? வெள்ளையா…

செல்வி: பழைய எண்ணெயா இருக்கும். எண்ணெயும் உப்பும் சேந்து கட்டி பிடிச்சிருக்கும்.

கிளாட்வின்: இருக்கும். அதான் குண்டத் தூக்குத தட்டு ஏறல. அன்னைக்கு நான் பிஸ்டலோட ஸ்லைட இழுத்து விடுதேன்… கீழ தட்டு அசையாம நிக்கு. தட்டு ஏறாம குண்டு எங்க ஏறும்? மேல வெறும் காத்து. அமுக்குனா டிக்.

செல்வி: …மண்ணெண்ணெய நல்லா ஊத்தி ஊற வைங்க.

கிளாட்வின்: வச்சிருக்கேன். பொறவு சீரோ நம்பர் உப்புத்தாளால லேசா ஒரு தேய். தட்டோட ஓரத்தையும் பித்தளைப் பாலிஷ் போட்டு மினுக்கிட்டா, நாக்குல அல்வா போற மாதிரி போவும்.

செல்வி: வாய்க்கிட்ட தேய்ச்சுராதீய. அந்த உதடு ரெண்டும் ஒரு மயிரிழை விரிஞ்சாலும் குண்டு கோணும்.

கிளாட்வின்: நான் சொல்லிக் குடுத்தத எனக்கே சொல்லுதா பாரு!

செல்வி: சொல்லிக் குடுத்தவருக்கு மறந்துருச்சுன்னா யாராவது சொல்லணும்லா.

கிளாட்வின்: சரி டீச்சரம்மா. இப்போ பாரு… கரையுது. துணியில வருது. கருப்பா இல்ல பாரேன், எண்ணெய் அழுக்குன்னா கருப்பால்லா வரணும்…

செல்வி: அது என்ன எழவோ. சீக்கிரம் தொடைங்க.

கிளாட்வின்: ஒனக்கு ஏன் இப்படி வேர்க்கு?

செல்வி: அடுப்புப் பக்கத்துல இருந்து வந்தேன்லா.

கிளாட்வின்: அடுப்பே பத்த வைக்கலையேளா.

செல்லப்பாண்டி: ஸார்! கிளாட்வின் ஸார்!

கிளாட்வின்: யாரு, செல்லப்பாண்டியா? ஜீப்ப ஆறு மணிக்குத்தான கொண்டு வருவேன்னீரு?

செல்லப்பாண்டி: லாஞ்சு சீக்கிரம் கெளம்புது ஸார். லாஞ்சு ஓட்டுத டிண்டல் சிலுவை அண்ணாச்சி எஞ்சினப் போட்டுட்டு ஒக்காந்திருக்காரு. வணக்கம்க்கா, கடுங்காப்பி இருக்கா?

செல்வி: இனிமேத்தான் போடணும் அண்ணாச்சி. செத்த இருங்க.

செல்லப்பாண்டி: வேண்டாம்க்கா, நான் முக்குல ஒரு பீடியப் பத்த வச்சுட்டு நிக்கேன். ஸார் வந்துட்டு ஒரு சத்தம் குடுங்க. லேட்டாக்கிராதீய, சூப்பிரண்டே லாஞ்சுல வாராரு.

கிளாட்வின்: சூப்பிரண்டேவா? நல்லாப் போச்சு. போம், இந்தா வாரேன்… ஏளா, அந்த எண்ணெய் டின்ன எடு. ரெண்டு சொட்டு போதும்லா?

செல்வி: ஒரு சொட்டு. கூடப் போட்டா மணல் ஒட்டும். துணியில தொட்டுத் தடவுங்க.

கிளாட்வின்: ஸ்பிரிங்கு… தட்டு… அடித்தட்டு. இப்போ அமுக்கிப் பாரு.

செல்வி: நல்லா ஏறுது.

கிளாட்வின்: கெட்டிக்காரன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியே. சரி, அந்தப் பைய எடு. இதையும் அதையும் போட்டுக் குடு.

செல்வி: அது இன்னும் தொடைக்கலையே.

கிளாட்வின்: எது? அதுவா? அது அன்னைக்கு இடுப்புப் பையிலதான் கிடந்துது. வெளியவே எடுக்கல.

செல்வி: அதையும் திறங்க.

கிளாட்வின்: நேரமில்லளா. கேட்டேல்லா, சூப்பிரண்டு வாராரு.

செல்வி: ஒரு நிமிசம். நான் கழத்துதேன்.

கிளாட்வின்: சொன்னாக் கேளு. நின்னு போனது இது. அது நல்லா இருக்கு. இன்னைக்கு மொதல்ல அதத்தான் பிஸ்டல்ல போடப் போறேன். இந்த ராசியில்லாததுல இனி எனக்கு நம்பிக்க இல்ல.

செல்வி: வேண்டாம்.

கிளாட்வின்: என்ன வேண்டாம்?

செல்வி: அதப் போடாதீய… திறந்து பாக்காம போடாதீய.

கிளாட்வின்: ஏன் செல்வி?

செல்வி: திறங்க. நீங்களே திறங்க.

கிளாட்வின்: என்னமோ மறைக்க… இந்தா, திறந்தாச்சு. இப்போ என்ன?

செல்வி: குச்சிய விடுங்க.

கிளாட்வின்: …இதுலயும் இருக்கு.

செல்வி: ம்.

கிளாட்வின்: அதே எடத்துல. அதே வெள்ள. ஒண்ணுல உப்புக் கட்டி பிடிக்கும். ரெண்டுலயும் அளந்து வச்ச மாதிரியா பிடிக்கும்? இரு… நகத்தால சொரண்டினா சுருளுது. இது மெழுகுல்லா! மெழுகுவத்தி! ஆபீஸ்ல யாரும் இதத் திறக்க மாட்டான். திறக்கவும் தெரியாது. இத இந்த வீட்டுல வச்சுத்தான்… நீயா?

செல்வி: நான்தான்.

கிளாட்வின்: ஏளா!

செல்வி: சத்தம் போடாதீய. அண்ணாச்சி முக்குல நிக்காரு.

கிளாட்வின்: நிக்கட்டும்! என்ன காரியம் பண்ணியிருக்க? அன்னைக்குக் கடத்தல் போட்டுல வச்சுக் கோலால ஒருத்தன் என்னைய அடிச்சுப் போட்டான். மறுபடியும் ஓங்கினான். தலையில விழுந்திருந்தா என்னத்தத் தூக்கிட்டு வந்திருப்பாவ தெரியுமா? கையில பிஸ்டல வச்சுக்கிட்டு வெளையாட்டுச் சாமான் மாதிரி டிக்கு டிக்குன்னு…

செல்வி: தெரியும்.

கிளாட்வின்: என்ன தெரியும்? நீ தாலிய அறுத்துட்டு இருந்திருப்ப. அது தெரியுமா?

செல்வி: அன்னையிலருந்து அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க அந்தத் தோளோட வந்து எறங்கினீயல்லா… அப்பவே செத்துட்டேன். நீங்க எங்கைப் பிசகுன்னு சொல்லிட்டு வந்து நிக்கீய பாருங்க, இன்னொரு தடவ செத்தேன்.

கிளாட்வின்: நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்? சொல்லு.

செல்வி: ஒரு கொறையும் இல்ல. பாஸ்கலுக்காகப் பண்ணினேன்.

கிளாட்வின்: …ஒந்தம்பிக்கா?

செல்வி: பொங்கலுக்கு வந்திருந்தான்லா. சாரத்தத் தொவைக்க எடுத்தேன். சங்கு குளிக்கிறவன் துணியில கிராம்பு வாசம். அப்படியே மூட்ட மேல படுத்து உருண்ட மாதிரி. கேட்டேன். மொதல்ல சிரிச்சான். பொறவு, சங்குக் குளிப்பு இல்லாத நாள்ல கடத்தலுக்குப் போவாம வேற என்னக்கா செய்யன்னான்.

கிளாட்வின்: எங்கிட்ட ஏன் சொல்லல?

செல்வி: சொன்னா நீங்க அவனப் புடிக்கணும். புடிச்சா மிசாவுல தூக்கி உள்ள வைப்பாவ. புடிக்காம விட்டா, நீங்க போடுத அந்தச் சட்டைக்கே அர்த்தம் இல்லாமப் போவும். எதச் செஞ்சாலும் ஒங்களால தாங்க முடியாது. எனக்குத் தெரியாதா ஒங்கள?

கிளாட்வின்: அதுக்காக…

செல்வி: காலப் புடிச்சுக் கேட்டேன் அவன்ட்ட. இந்த ஒரு தடவக்கா, இந்த ஒரு தடவக்கான்னுட்டே போனான். நீங்க ஒரு பக்கம் லாஞ்சுல போறீய, அவன் ஒரு பக்கம் போட்டுல போறான். அங்கன இருக்கது ஒரே கடலு. ஒரு நா எதுக்கெதுக்க நின்னுட்டா? ஒரு சனிக்கெழம இத ரெண்டையும் மடியில வச்சுத் தொடச்சுக்கிட்டு இருந்தேன்… தட்டு ஏறாட்டா குண்டு ஏறாதுன்னு நீங்க சொன்னது மனசுல வந்துது.

கிளாட்வின்: மெழுகுவத்தியக் கொளுத்தினியாக்கும்.

செல்வி: மந்திரிச்ச மெழுகுவத்தி.

கிளாட்வின்: என்ன?

செல்வி: மெழுகுவத்தித் திருநாளுக்குக் கோவில்ல மந்திரிச்சுத் தருவாவல்லா, புயல் அடிச்சா ஏத்தி வைக்க. அதுலருந்து விட்டேன். சாதா மெழுகுவத்திய விட மனசு வரல. மந்திரிச்சதுன்னா ஒங்களையும் சேத்துக் காக்கும்னு… திட்டுங்க. ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க.

கிளாட்வின்: நான் என்னைக்கு ஒன்னைய அடிச்சிருக்கேன்?

செல்வி: அதான் இன்னைக்கு அடிங்கங்கேன்.

கிளாட்வின்: இப்போ ஏன் சொன்ன? சொல்லாமலே இருந்திருக்கலாம்லா. நான் இத அப்படியே எடுத்துட்டுப் போயிருப்பேன்.

செல்வி: அதுக்குத்தான் சொன்னேன். நீங்க போற எடத்துல மறுபடியும் எவனாவது கோலத் தூக்கினா… எனக்கு நீங்க முழுசா வீட்டுக்கு வரணும். பாஸ்கல் இனிமே போமாட்டான். சத்தியம் பண்ணிக் குடுத்துட்டான். வேம்பாருல மாமா வீட்டுல இருந்து வலைக்குப் போறான்.

கிளாட்வின்: எப்போ பண்ணினான்?

செல்வி: வந்தப்போ.

கிளாட்வின்: எப்போ வந்தான்? பொங்கலுக்குப் பொறவு அவன் இந்த வீட்டுப் படி ஏறலையே.

செல்வி: …அதக் குடுங்க. நேரமாவுது. நான் தொடச்சுத் தாரேன்.

கிளாட்வின்: நானே தொடைக்கேன்.

செல்வி: சிந்துதீய பாருங்க. மண்ணெண்ணெய் பூரா பேப்பர்ல போவுது.

கிளாட்வின்: …சரி. இந்தா. நீயே தொட.

செல்வி: நெசமாவா?

கிளாட்வின்: நீ விட்ட மெழுகு, நீயே எடு.

செல்வி: குச்சியத் தாங்க.

கிளாட்வின்: அடியில நல்லா விடு. மூலையில நிக்கு பாரு.

செல்வி: நிக்கட்டும், எடுக்கேன். மூஞ்சிய ஏன் திருப்பிக்கிட்டீய? இங்கன பாருங்க… அழுதீயளா?

கிளாட்வின்: இல்ல.

செல்வி: நான் பண்ணினதுக்கு மன்னிப்பே கிடையாதுன்னாலும் சொல்லிருங்க. இப்படி அழாதீய.

கிளாட்வின்: ஒனக்காக அழல. ஒனக்கு நான் ஒண்ணு சொல்லணும்.

செல்வி: சொல்லுங்க.

கிளாட்வின்: அன்னைக்கு எம்முன்னால நின்னது பாஸ்கல். கேக்குதா?

செல்வி: கேக்குது.

கிளாட்வின்: விடியக் கருக்கல். லாஞ்ச ஒட்டி நிறுத்தினதும் நான்தான் மொதல்ல அந்த போட்டுல குதிச்சேன். பின்னால நின்னவன் கோலால தோளுல போட்டான். விழுந்துட்டேன். மறுபடி ஓங்குதான், தலைக்குத்தான். அந்த நேரம் முன்னால இருந்து இன்னொருத்தன் எம்மேல பாயுதான். ரெண்டு பேருமாச் சேந்து முடிச்சுருவானுவன்னு… பாய்ஞ்சவன் நெஞ்சுக்கு நேரா நீட்டி அமுக்குனேன்.

செல்வி: ம்.

கிளாட்வின்: டிக். அவ்வளவுதான். பாய்ஞ்சவன் எம்மேல விழல. எந்தலைக்கு மேல ரெண்டு கையையும் குடுத்து அந்தக் கோலப் புடிச்சுக்கிட்டு நிக்கான். மொகத்தப் பாக்கேன்… ஒந்தம்பி. என்னைக் காப்பாத்த வந்திருக்கான். அவனத்தான் சுட்டிருக்கேன்.

செல்வி: சுடலையே.

கிளாட்வின்: நான் சுட்டுட்டேன். குண்டுதான் வரல.

செல்வி: பொறவு?

கிளாட்வின்: கடல்ல விழுந்து போயிட்டான். ஆபீஸ்ல, மொகம் ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டேன். ஒங்கிட்ட சொல்ல வாய் வரல. ஒன் கையால சோறு வாங்கித் திங்கேன், ஒன் தம்பி நெஞ்சுல அமுக்கினேன்னு எப்படிச் சொல்ல?

செல்வி: கருக்கல்ல யாருன்னு தெரியும்? நீங்க தெரிஞ்சா செஞ்சீய?

கிளாட்வின்: அதான்… அதுதான் எனக்குத் தெரியல. சிலுவை அண்ணன் லாஞ்சு வெளக்கத் திருப்பினாரு. அந்த வெளிச்சம் அவன் மொகத்துல விழுந்துது. அது விழுந்தது நான் அமுக்குறதுக்கு முன்னாலயா, பொறவா? படுத்துக்கிட்டு யோசிக்கேன், யோசிக்கேன்… ஒரு நா முன்னாலன்னு தோணுது, ஒரு நா பொறவுன்னு தோணுது. உசுருப் பயத்துல, அவன்தான்னு தெரிஞ்சே அமுக்கிட்டேனோ?

செல்வி: பொறவுதான்.

கிளாட்வின்: நீ என்ன கண்ட? சமாதானத்துக்குச் சொல்லுத.

செல்லப்பாண்டி: ஸார்! ரெண்டாவது பீடியும் முடிஞ்சு போச்சு ஸார்!

கிளாட்வின்: வாரேன்யா! …சொல்லு. பாக்காம எப்படிச் சொல்லுத?

செல்வி: பாத்தவன் சொன்னான். மறுநா, நீங்க ஆபீஸுக்குப் போன பொறவு பாஸ்கல் பொறவாசல் வழியா வந்தான். சத்தியம் பண்ணினதும் அப்பத்தான். அத்தான்ட்ட சொல்லாதக்கா, அவுக மனசு ஒடஞ்சு போவும்னான். ஒங்க கிட்டக்க இருந்ததால டிக்குன்னு சத்தம் கேட்டுதாம், அதுக்குப் பொறவுதான் வெளக்கு அவன் மேல விழுந்துதாம். விழுந்த ஒடனே நீங்க, “ஏலே பாஸ்கல், குதிச்சிருலே!”ன்னு கத்தினீயளாம், ஒங்களுக்கு நெனவில்லையா? எஞ்சின் சத்தத்துல லாஞ்சுல யாருக்கும் கேட்டிருக்காதாம். நீங்க சொல்லித்தான் குதிச்சானாம். மொகம் முன்னாலயே தெரிஞ்சிருந்தா… முன்னாலயே கத்தியிருக்க மாட்டீயளா?